குளிர்காலம் முழுக்கப் படகைப் பட்டறையில் விட்டவர்கள், தண்ணீரில் இறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. பனி தொடங்கும் முன் படகைப் பட்டறையில் விட்டு, வசந்தம் வந்ததும் "எல்லாம் ரெடி" என்ற பில்லோடு வாங்கி, அப்படியே தண்ணீரில் இறக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் பொறுங்கள். எங்களுக்குக் கொடுத்த பில்லில் இருந்த வேலைகளில் பெரும்பாலானவை நடக்கவே இல்லை. உண்மையில் நடந்த ஒரு பெரிய வேலையோ படகில் இருந்தவர்கள் உயிருக்கே உலை வைக்கிற வேலை.

எங்களுடையது பெட்ரோலில் ஓடும் சின்னப் படகு. இன்ஜின் உள்ளே பின்பக்கம் இருக்கும், விசிறியைச் சுழற்றும் கால் போன்ற பகுதி வெளியே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். இந்த அமைப்பை ஸ்டெர்ன்டிரைவ் என்பார்கள். இலையுதிர் காலத்தில் விடும்போதே மொத்த வேலைக்கும் பேசி, முன்பணமும் கொடுத்திருந்தோம். வசந்தத்தில் வந்த பில்லில் வரிவரியாக இருந்தது: இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது, தண்ணீரை வடித்து உறையாத திரவம் ஓடவிட்டது, தண்ணீர் பம்புக்குப் புது இம்பெல்லர், புது கியர் ஆயில், புது ஆனோடுகள், ரப்பர் பெல்லோஸ் சோதித்தது, ஸ்டார்ட்டர் கெட்டிருந்ததால் புதிது மாட்டியது, அடிப்பக்கத்துக்குப் பெயின்ட், பாதுகாப்புச் சாமான்கள் சோதித்தது, கடைசியாகத் தண்ணீர் கொடுத்து இன்ஜினை ஓட்டிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் எதிரே டிக். கீழே ஒரு கையெழுத்து.

தண்ணீரில் இறக்கிக் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே சூட்டு அலாரம் கத்தியது. இன்ஜினை உடனே அணைத்துவிட்டோம். படகில் அக்காவும் அவள் பையனும் இருந்தார்கள். காற்று எங்களைப் பாறைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் பிடித்துக்கொண்டதால் தப்பினோம். அந்தப் பக்கமாக வந்த ஒருவர் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

இதைப் படித்துவிட்டு, "இன்ஜின் நின்றது, அவ்வளவுதானே" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வசந்தத்தில் வெயில் நன்றாக அடிக்கும், சட்டையோடு உட்காரலாம் போலிருக்கும். ஆனால் தண்ணீர் இன்னும் குளிர்காலத்தை விட்டு வந்திருக்காது. குளிர்ந்த நீரில் மனித உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று தன் உடம்பையே தண்ணீரில் இறக்கி ஆராய்ந்தவர் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு, உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அதுவும் லைஃப் ஜாக்கெட் போட்டு மிதந்துகொண்டிருப்பவருக்குத்தான். ஜாக்கெட் இல்லாதவர் முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்து மூழ்கிப்போகலாம். இப்படிப்பட்ட தண்ணீரின் நடுவே ஒரு குழந்தையோடு நிற்க வைத்தது அந்தப் பட்டறையின் பொய் டிக்.

படகை அதே பட்டறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. வேறு ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். வயதானவர், அதிகம் பேசாதவர். பில்லை ஒரு கையில் வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலில் தண்ணீர் பம்பைத் திறந்தார். இம்பெல்லர் என்பது ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம். வெளித்தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர்விப்பது அதுதான். குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்தால் இதழ்கள் வளைந்தது வளைந்தபடியே இறுகிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே கருகும். எங்கள் பம்பில் இருந்ததில் சில இதழ்களே காணோம். மீதி விறைத்துக்கிடந்தன. புதிது என்று பில் போட்டது இதற்குத்தான். உடைந்த இதழ்த் துண்டுகள் எங்கே போயின என்று தேடி, குழாய்களுக்குள் இருந்து இடுக்கியால் எடுத்தார். இதை நினைவில் வையுங்கள்: உடைந்த இம்பெல்லரை மாற்றிவிட்டு, துண்டுகளைத் தேடாமல் விட்டால் புது இம்பெல்லர் இருந்தும் இன்ஜின் சூடேறும்.

அடுத்து கியர் ஆயில். வடிக்கும் திருகாணியைத் தளர்த்துவதற்கு முன்பே, "இதைப் பாருங்க" என்று அழைத்துக் காட்டினார். திருகாணித் தலையைச் சுற்றிப் பழைய பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் பட்ட அடையாளமே இல்லை. திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர், பிறகு பால் கலந்த காபி நிறத்தில் ஆயில். அப்படியென்றால் எங்கோ ஒரு சீல் போயிருக்கிறது, தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும். கியர் பெட்டிக்குள் அது உறைந்தால் உலோகக் கூடே வெடிக்கும். பனிக்காலத்துக்கு முன்பே கியர் ஆயிலை வடித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனோடுகளைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. தண்ணீருக்குள் இருக்கும் நல்ல உலோகத்தை அரிப்பு தின்னாமல், தான் கரைந்து காப்பாற்றுவது ஆனோடு. உப்புத்தண்ணீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் ஆகும் அலுமினியம் என்று வகை உண்டு. ஏறக்குறைய பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். எங்களுடையவை பாதிக்கு மேல் கரைந்த பழைய கட்டிகள். அவற்றின் மேலேயே அடிப்பக்கப் பெயின்டைப் பூசிப் புதிது போல ஆக்கியிருந்தார்கள். பெயின்ட் பூசிய ஆனோடு வேலையே செய்யாது. மாற்றாமல் விட்டிருந்தால்கூட மீதி இருந்தது கொஞ்ச நாள் காப்பாற்றியிருக்கும். ஏமாற்றுவதற்காக, இருந்ததையும் கெடுத்து வைத்திருந்தார்கள்.

பெல்லோஸ் என்பது அந்தக் கால் போன்ற பகுதி படகோடு சேரும் இடத்தில் இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பது. அது கிழிந்தால் கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கருகருவென்று நன்றாகத்தான் தெரிந்தது. அந்தப் பகுதியை முழுவதும் மேலே தூக்கி, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தபோது உள்ளே வெடிப்புகள் ஓடியிருந்தன. இன்னும் கிழியவில்லை, அவ்வளவே. "சோதித்தாயிற்று, நலம்" என்று எழுதியவர் விரலை வைத்தே பார்க்கவில்லை.

ஸ்டார்ட்டர் மட்டும் உண்மையாகவே புதிது. மெக்கானிக் அதைக் கழற்றி வெளியே எடுத்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அது காருக்கான ஸ்டார்ட்டர்.

இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். வடிவம் ஒன்றாக இருக்கும், திருகும் இடம் ஒன்றாக இருக்கும், பொருத்தினால் இன்ஜின் அழகாகக் கிளம்பும். விலை மட்டும் குறைவு. காரில் இன்ஜினுக்குக் கீழே திறந்தவெளி, பெட்ரோல் ஆவி தரையோடு கலைந்து போய்விடும். படகில் போக வழி கிடையாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, இன்ஜினுக்கு அடியில் உள்ள பள்ளத்தில், பில்ஜ் என்கிறோமே, அங்கே தேங்கி நிற்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது உள்ளே மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷில் பொறி பறக்கும். படகுக்கான ஸ்டார்ட்டர் அந்தப் பொறி வெளி ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டது. கார் ஸ்டார்ட்டருக்கு அந்தக் காப்பு இல்லை. ஸ்டார்ட்டர், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டுக்குமே இது பொருந்தும். படகுக்கான பாகத்தின் உடம்பிலேயே தீப்பொறிக் காப்பு உள்ளது என்ற குறிப்போ, எஸ்ஏஇ ஜே1171 என்ற தர எண்ணோ இருக்கும். எங்களுடையதில் எதுவும் இல்லை. பில்லில் போட்டிருந்ததோ படகுப் பாகத்தின் விலை.

உள்ளே இன்ஜின் உள்ள பெட்ரோல் படகில் சாவியைத் திருப்பும் முன் குறைந்தது 4 நிமிடம் ப்ளோயரை, அதாவது உள்ளே தேங்கிய ஆவியை வெளியே தள்ளும் விசிறியை, ஓடவிட வேண்டும், பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். இது எல்லா ஓட்டுநர்களும் படித்த பாடம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தோம். வசந்தத்தின் முதல் ஓட்டத்தில், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த எரிபொருள் குழாய் எங்காவது லேசாகக் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவே கை வரவில்லை.

பாதுகாப்புச் சாமான் சோதனையைப் பற்றி இரண்டே வரி. ஆபத்து வெளிச்சக் குச்சிகளின் தேதி முடிந்திருந்தது. தானே ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் ஒன்றில் காற்றுச் சிலிண்டர் தளர்ந்து தொங்கியது. கையால் இறுக்கினாலே போதும் என்கிற வேலை அது.

பட்டறை முதலாளியிடம் போனோம். முதலில், "நீங்க தண்ணி இல்லாம ஓட்டியிருப்பீங்க, அதான் இம்பெல்லர் போச்சு" என்றார். புது ரப்பர் அப்படி விறைக்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, "சீசன் நேரம், பசங்க அவசரத்துல விட்டிருப்பாங்க" என்றார். இம்பெல்லர் விட்டுப்போகலாம். திறக்காத திருகாணியும் பெயின்ட் அடித்த ஆனோடும் அவசரத்தில் நடப்பவை அல்ல.

எங்களைக் காப்பாற்றியது ஒரு போட்டோ. படகை விடும்போது இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தோம். இன்ஜினைச் சூடாக்கி ஆயில் மாற்றி, உறையாத திரவம் ஓடவிட்டு, வசந்தத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த மீட்டர் கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும். வாங்கி வந்த நாளில் எடுத்த படத்திலும் அதே எண், ஒரு புள்ளிகூட மாறவில்லை. இரண்டு படங்களையும் மேஜையில் வைத்ததும் அவர் பேச்சு மாறியது. இன்ஜின் உடம்பு வெடிக்காமல் தப்பியதற்குக் காரணம், யாரோ ஒரு பையன் அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை மட்டும் வடித்துவிட்டிருந்ததுதான் என்று எங்கள் மெக்கானிக் சொன்னார். அந்த ஒரு வேலையைச் செய்த பையன் நன்றாக இருக்கட்டும்.

இந்த ஏமாற்று வசந்தத்தில் சுலபமாக நடப்பதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில் படகைக் கேட்கிறார்கள். வெயிலைப் பார்த்த அவசரத்தில் யாரும் மூடியைத் திறப்பதில்லை. இறக்கிவிட்டால் ஆனோடும் பெல்லோஸும் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும். நேர்மையான பட்டறைகள் நிறைய இருக்கின்றன, அவர்கள் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்வதே இல்லை. விடும்போதே, "மாற்றும் பழைய பாகங்களை எனக்குத் திருப்பித் தர வேண்டும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆயில் ஃபில்டரிலும் திருகாணித் தலைகளிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுப் படம் எடுங்கள். மீட்டரைப் படம் எடுங்கள். வாங்கும்போது படகு இன்னும் டிரெய்லரில் இருக்கையிலேயே கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள், பெல்லோஸ் மடிப்பை விரித்துப் பாருங்கள், மாற்றிய மின்பாகத்தின் எழுத்துகளைப் படியுங்கள். அங்கேயே தண்ணீர் கொடுத்து இன்ஜினை உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். மறுக்கிற பட்டறையில் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், கோபத்தில் உடனே பழுது பார்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் இருந்த இடத்தில் இருக்கும்போதே படம் எடுத்து, கழற்றியதைப் பையில் போட்டு வைத்து, பார்த்த மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கிய பிறகு கையை வையுங்கள். பட்டறையோடு பேசுவதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

எங்கள் விஷயம் இன்னும் முடியவில்லை. இம்பெல்லர், கியர் ஆயில், ஆனோடு பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு தாளை நீட்டினார்கள். அதன் கடைசியில், இந்தப் படகு தொடர்பாக இனி எந்தப் புகாரும் இல்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி. ஸ்டார்ட்டரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கையெழுத்துப் போடவில்லை. கார் ஸ்டார்ட்டரும் மெக்கானிக்கின் அறிக்கையும் நுகர்வோர் புகாரோடு போயிருக்கின்றன. அதே பட்டறை இன்னும் எத்தனை படகுகளில் அதே ஸ்டார்ட்டரை மாட்டியது என்று கேட்டிருக்கிறோம், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம். உங்கள் படகில் சமீபத்தில் ஸ்டார்ட்டரோ ஆல்டர்னேட்டரோ மாற்றியிருந்தால், அடுத்த முறை சாவியைத் திருப்புவதற்கு முன் அதன் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.