ஒற்றைக்கால் பயிற்சியும் 20 கிலோ டம்பெல் செட்டும் ஒரு பாழாய்ப்போன நட்டும்

அலுவலக நண்பர் ஒரு இணைப்பை அனுப்பி, "20 கிலோ ஹோம் ஜிம் செட் விலை இறங்கியிருக்கு, எடுத்துடவா?" என்று கேட்டிருந்தார். என்னிடம் இருப்பதும் ஏறக்குறைய அதே செட்தான். 2 கிலோவில் நாலு, 3 கிலோவில் நாலு பிவிசி பிளேட்டுகள், 14 அங்குல டம்பெல் ராடு இரண்டு, யாரும் கேட்காத 3 அடி கர்ல் ராடு ஒன்று. சில வருடங்களாக இதை வைத்து ஒரு கை, ஒரு கால் பயிற்சிகள் மட்டும்தான் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் பதில் எழுதப்போய் நீண்டுவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு காலையும் ஊன்றி ஸ்குவாட், அதாவது பாரத்தோடு உட்கார்ந்து எழுவது, செய்தால் இந்த 20 கிலோ கொஞ்ச நாளில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். ஒரு காலைப் பின்னால் நாற்காலியில் வைத்துவிட்டு, முன்காலை மடக்கி இறங்கி எழும் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் செய்து பாருங்கள், கதையே வேறு. 70 கிலோ ஆள் கையில் 16 கிலோ பிடித்திருக்கிறார் என்று வைப்போம். மொத்தம் 86. அதில் ஐந்தில் நாலு பங்கு முன்காலில் இறங்கினால் கிட்டத்தட்ட 69 கிலோ. இரண்டு காலுக்கும் அதே பாரம் கிடைக்க வேண்டுமானால், தோளில் 68 கிலோ பார்பெல் ஏற வேண்டும். அந்த பார்பெல்லையும் அதற்கான ஸ்டாண்டையும் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் எங்கே வைப்பது? கீழ்வீட்டு அம்மா ஒரு முறை மேலே வந்து பார்த்தால் போதும்.

நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும்; சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் முட்டிக்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் இடுப்பு வளைந்து, வலி போகக்கூடாத இடத்துக்குப் போகும்.

ஸ்பிளிட் ஸ்குவாட்டைவிட எனக்குப் பிடித்தது ஒற்றைக்கால் ரோமேனியன் டெட்லிஃப்ட். ஒரு காலில் நின்று, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நிமிர்வது. வலது காலில் நின்றால் டம்பெல் இடது கையில். பாரம் உடம்பை ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும், அதைத் திருப்பவிடாமல் பிடிப்பதில்தான் இடுப்பின் பக்கத் தசைகளுக்கு முழு வேலை. ஆரம்பத்தில் சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. குனிந்து நின்று டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுக்கும் ஒரு கை ரோ, தரையில் படுத்து மேலே தள்ளும் ஒரு கை பிரஸ், நின்று தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான்: கை தூக்குகிறது, நடு உடம்பு சாயாமல் இருக்கப் போராடுகிறது. நம் ஊர்க் கர்லாக்கட்டைக்காரர்களுக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பலவீனமான பக்கத்தை முதலில் செய்ய வேண்டும், பலமான பக்கம் அதே எண்ணிக்கையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு இடது பக்கம் மட்டம். இரண்டு கையால் பிடிக்கும் கம்பியில் இது தெரியவே தெரியாது, வலது கை சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். இப்போது 20 லிட்டர் தண்ணீர் கேனை இடது கையிலேயே இரண்டு மாடி ஏற்றுகிறேன், தோள் தொங்குவதில்லை. இந்த சந்தோஷத்தை விலை போட்டுச் சொல்ல முடியாது.

ஒரு கையில் அடிபட்டால்கூட மறு கையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் பயிற்சி கொடுத்தால் சும்மா இருக்கும் பக்கமும் கொஞ்சம் பலம் பெறும் என்பதை 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிரிப்சரின் குழுவினர் சோதித்துக் காட்டிவிட்டார்கள். தசை வளர்வதைவிட நரம்புகள் கற்றுக்கொள்வதுதான் இதற்குக் காரணம் என்கிறார்கள்.

சரி, இனி நட்டு.

ராடின் இரண்டு முனையிலும் பிளேட்டைப் பிடித்து வைக்க ஸ்டார் நட்டு, கையால் முறுக்கும் நட்சத்திர வடிவ நட்டு. இரண்டு முனையிலும் மரை ஒரே வாக்கில்தான் வெட்டியிருப்பார்கள். பிளேட்டுகள் கொஞ்சம் உருண்டால் ஒரு முனையில் நட்டு இறுகும், எதிர் முனையில் அதே உருளல் நட்டைத் தளர்த்தும். எவ்வளவு முறுக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான் உராய்வு கொடுத்துக் காப்பாற்றுவது. அதுவோ கெட்டிப்பட்டு ஒரு நாள் காணாமலே போய்விடும். அப்புறம் பயிற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் கடகட சத்தம். தலைக்கு மேல் தூக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் தசையைப் பற்றியா நினைப்பு வரும்?

இதில் இன்னொரு கூத்து. ரோவுக்கு 16 கிலோ வேண்டும், பிரஸ்ஸுக்கு 10 போதும். ஒவ்வொரு முறையும் இரண்டு நட்டையும் கழற்றி, மாட்டி, முறுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பக்கம், மறு பக்கம் என்று எல்லாமே இரட்டை நேரம். 20 கிலோவையும் ஒரே ராடில் ஏற்றலாம் என்று பார்த்தால், உள்ளே சிமெண்ட் நிரப்பிய அந்த பிவிசி பிளேட்டுகள் தடிமனாக இருப்பதால் நட்டுக்கு இடமே மிஞ்சாது. பெட்டியில் 20 என்று போட்டிருக்கும், ஒரு கைக்கு வரும் பாரம் அதைவிடக் குறைவு. இரும்பு பிளேட்டு தனியாக வாங்கிய பிறகுதான் எனக்கு 16 வந்தது.

போன வாரம் நட்டு மரையில் கோணலாக ஏறிச் சிக்கிக்கொண்டது. லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மரையைச் சீவிக் கொடுத்தவர், "சைக்கிள் டியூப் துண்டை வெட்டி உள்ள போடுங்க சார்" என்றார். போட்டேன். இப்போதைக்கு நிற்கிறது. ராடுக்கு மரை கழன்றதா உங்களுக்கா என்று வீட்டில் ஒரு கேள்வி வந்தது.

பயிற்சி முறைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து. ஜிம்முக்கு இனி போக மாட்டேன். செட்டுக்கு இரண்டு, அதுவும் டியூப் துண்டு நிற்பதால். போன வாரம் கேட்டிருந்தால் பூஜ்யம் என்றிருப்பேன்.

அதனால் நண்பரே, அதை வாங்காதீர்கள். விலை இன்னும் பாதியானாலும் வேண்டாம். நல்ல ராடு ஒன்று, இரும்பு பிளேட்டு கொஞ்சம், சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூப், இது போதும். அந்த 3 அடி கர்ல் ராடு மட்டும் வேண்டுமென்றால் என்னிடம் புதிதாகவே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.