புராஜெக்டுக்கு எந்த இரட்டைப் பழுப்புக் குள்ளன்: ஓரியன் ஜோடியா, லூமன் 16-ஆ?

பழுப்புக் குள்ளன் என்றால் கோளைவிடக் கனமான, ஆனால் நட்சத்திரமாக எரிய நிறை போதாத வான்பொருள். இப்படி இரண்டு ஒன்றையொன்று சுற்றினால் இரட்டை. நாகர்கோவில் பக்கத்து இயற்பியல் மாணவர்கள் இந்த இரண்டு ஜோடிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். (ஓரியன் ஜோடியின் பட்டியல் பெயர் 2மாஸ் ஜே0535-05.)

தூரம்: ஓரியன் சுமார் 1,300 ஒளியாண்டு. லூமன் 6.5.
வயது: ஓரியன் பத்து லட்சம் ஆண்டு, பச்சைக் குழந்தை. லூமன் சுமார் 50 கோடி.
சுற்றுக்காலம்: ஓரியன் 9.78 நாள். லூமன் சுமார் 27 வருடம்.

ஓரியனின் பலம் கிரகணம். ஒன்றையொன்று மறைப்பதால் நிறையும் ஆரமும் நேரடியாகக் கிடைக்கும்: சுமார் 57, 36 வியாழன் நிறை. 2006-இல் வெளியான முடிவில் ஒரு விசித்திரம், கனமானதைவிட லேசானதுதான் சூடு. கனமானது வேகமாகச் சுழல்கிறது. அதன் காந்தப்புலம் வெப்பச்சலனத்தை (உள்வெப்பத்தை மேலே கொண்டுவரும் ஓட்டத்தை) அமுக்குகிறது என்பது முக்கிய விளக்கம். ஆக, ஆழமான கிரகணத்தில், அதாவது ஒளி அதிகம் குறையும் கிரகணத்தில், மறைவது சூடான அந்த லேசானதுதான். பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். பாதை நீள்வட்டம், இரண்டாம் கிரகணத்தைச் சுற்றுக்காலத்தின் சரிபாதியில் தேடினால் கிடைக்காது.

லூமனில் கிரகணம் இல்லை. ஆனால் ஜோடியில் ‘பி’ எனப்படும் இரண்டாவது குள்ளனின் ஒளி, அதன் மேகங்களால் சுமார் 5 மணிக்கொரு முறை ஏறி இறங்கும்.

வானத்தில்? ஜனவரி இரவில் ஓரியன் உச்சிக்கு அருகே. லூமன் ஏப்ரலில் தென்கடலுக்கு மேல் 29 பாகைதான். முட்டத்தில் கடல் ஈரப்பதம் அதையும் மங்கடிக்கும். 8 அங்குலத் தொலைநோக்கியில் இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது; பொதுத் தரவுதான் வழி.

நிறை, ஆரம் கணக்கிட ஓரியன். வளிமண்டலம், மேகம் என்றால் லூமன். ஒரு செமஸ்டர்தான் இருக்கிறதென்றால் ஓரியனையே எடுங்கள்.