கூத்துப்பாட்டும் ஆர்மோனியமும்: வீட்டுப் பதிவுக்கு எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டுப் பதிவு தொடங்கியதற்குக் காரணம் என் தாய்மாமா. போளூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் நாற்பது ஆண்டுகள் தெருக்கூத்து ஆடியவர் அவர். பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர். முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்டுவிட்டாலும், ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் விருத்தமும் தருவுமாகக் கூத்துப்பாட்டு ஏட்டைப் பார்க்காமலேயே இரண்டு மணி நேரம் வரும். கைப்பேசியில் பதிந்து பார்த்தபோது தாழ்ந்த இடங்களில் ஆர்மோனியம் குரலை விழுங்கியிருந்தது. உச்சத்துக்குப் போன இடங்களில் குரல் உடைந்து கரகரத்தது. அதன் பிறகுதான், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடைபோட ஆரம்பித்தேன்.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் அளவே உள்ள மின் அலை. அதைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யுஎஸ்பி வழியே கணினிக்குக் கொடுத்து, கணினியிலிருந்து திரும்பி வருவதை ஹெட்ஃபோனுக்கு அனுப்புவதுதான் இன்டர்ஃபேஸின் வேலை. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும், ஒலியை விநாடிக்கு எத்தனை முறை, எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்று சொல்லும் 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற எண்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில், ஒருவர் பாடிக்கொண்டே வாசிக்கிற நம் ஊர்ப் பழக்கத்துக்கு அந்த எண்கள் முடிவு சொல்வதில்லை. பெட்டியில் உண்மையான மைக் உள்ளீடுகள் எத்தனை, அவை எவ்வளவு கெயின், அதாவது பெருக்கம், தரும் என்ற இரண்டு கேள்விகளே முடிவு சொல்கின்றன.

யுஎஸ்பி மைக்கிலிருந்து தொடங்கலாம். பெருக்கியும் எண் மாற்றியும் மைக்குக்குள்ளேயே இருப்பதால் தனிப் பெட்டி வேண்டியதில்லை, செருகினால் போதும். கதை வாசிப்பவருக்கும் இணையவழியில் பாட்டு வகுப்பு எடுப்பவருக்கும் இதுவே போதும், கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இன்று ஒரு யுஎஸ்பி மைக், அடுத்த மாதம் இன்னொன்று என்று திட்டமிடுபவர்கள் அதைக் கைவிடுவது நல்லது. விண்டோஸில் பதிவு மென்பொருள், தாமதத்தைக் குறைத்து ஒலிக் கருவியோடு இணைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் வழியாகப் பொதுவாக ஒரே நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். ஏதோ ஒரு வழியில் இரண்டையும் இணைத்துவிட்டாலும், ஒவ்வொரு மைக்குக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. அவற்றின் ஓட்டம் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே, அரை மணி நேரப் பதிவின் முடிவில் குரலுக்கும் ஆர்மோனியத்துக்கும் இடையே 90 மில்லி விநாடி இடைவெளி விழுந்துவிடும். தாளம் தப்பியதாகக் காதுக்குத் தெரிய அது தாராளம்.

அடுத்து வருபவை ஒரு மைக் இன்டர்ஃபேஸ்கள். பெரிங்கர் யுஎம்சி22, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ ஆகிய இரண்டும் இந்த வகையில் பரவலாகக் கிடைப்பவை. யுஎம்சி22 விலையில் மிகக் குறைந்தது. 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். அதற்கென்று தனி ஏஎஸ்ஐஓ டிரைவர் கிடையாது என்பதால் விண்டோஸில் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரைத்தான் நாட வேண்டும். சோலோவுக்குச் சொந்த டிரைவர் உண்டு; 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். கித்தார் வாசித்துப் பாடுகிறவருக்குச் சோலோ கச்சிதமாகப் பொருந்தும். கித்தாரை நேரடியாகச் செருக இரண்டாவது உள்ளீடு இருக்கிறது.

இந்த இரண்டாவது உள்ளீட்டில்தான் நான் ஏமாந்தேன். கடைப் பட்டியலில் ‘இரண்டு இன்புட்’ என்று போட்டிருந்ததை நம்பி ஒரு மைக் பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். மாமா பாயில் உட்கார்ந்து சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இரண்டாவது துளை கீபோர்டு, கித்தார் போன்றவற்றுக்கு மட்டுமே என்பது புரிந்தது. மைக் கேபிளின் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் முனையைக் கால் அங்குல முனையாக மாற்றும் கேபிளைத் தேடிப் பிடித்து ஆர்மோனியத்துக்கான மைக்கை அதில் செருகியும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பது போல மெலிதாகக் கேட்டது. துளை பொருந்துவதால் பயனில்லை. மைக்கின் மில்லிவோல்ட்டைத் தூக்கிவிடும் பெருக்கி அந்த வழியில் இல்லை. வாங்குவதற்கு முன் விவரக் குறிப்பில் ‘மைக் ப்ரீஆம்ப்’ எனப்படும் அந்தப் பெருக்கி எத்தனை என்று பார்க்க வேண்டும்; அந்த எண்தான் மெய்யான எண்.

ஆகவே என் கணக்கில் உண்மையான போட்டி பெரிங்கர் யுஎம்சி202எச்டி, ஸ்கார்லெட் 2ஐ2 ஆகிய இரண்டுக்கும் இடையேதான். இரண்டிலும் இரண்டு மைக் ப்ரீஆம்ப்கள் உள்ளன. இரண்டும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேண்டம் பவரை மைக் கேபிள் வழியே தரும். யுஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். நண்பர் ஒருவரிடமிருந்து நான்காம் தலைமுறை 2ஐ2-வை ஒரு வாரம் இரவல் வாங்கி, அதே மைக்குகளோடு, அதே கூடத்தில், இரண்டையும் மாற்றி மாற்றிப் பதிந்து கேட்டேன். மாமாவின் குரலில் எனக்கு வேறுபாடு எதுவும் பிடிபடவில்லை. மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை அது. எந்தப் பெட்டியிலும் கெயின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

வேறுபாடு தெரிந்தது என் அம்மா தாலாட்டுப் பாடியபோது. இந்த இடத்தில் ஊரின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட முடியாது. ஓடவிட்டால் அதன் இரைச்சல் பதிவில் ஏறும். நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் வேறு. எனவே மைக்கை வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்துப் பாட ஏற்ற, ஃபேண்டம் பவர் வேண்டாத டைனமிக் மைக்கே எங்கள் கூடத்துக்குச் சரிப்படுகிறது. ஆனால் டைனமிக் மைக் தருகிற மின் அலை மிகச் சிறியது. 94 டெசிபல் ஒலி அழுத்தத்தில் ஷூர் எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ட், அதே அழுத்தத்தில் ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் மைக் தருவது ஏறக்குறைய 14 மில்லிவோல்ட், அதாவது ஏழு மடங்குக்கும் மேல். மெல்லிய குரலும் டைனமிக் மைக்கும் சேரும்போது இன்டர்ஃபேஸிடம் நிறையக் கெயினைக் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் தலைமுறை 2ஐ2 தந்தது 56 டெசிபல். 2023-இல் வந்த நான்காம் தலைமுறை தருவது 69 டெசிபல். அந்தப் பெட்டியில் அம்மாவின் குரல் நிறைவாகப் பதிந்த பிறகும் குமிழுக்கு இன்னும் இடம் மிச்சமிருந்தது.

நான்காம் தலைமுறை 2ஐ2-வில் இன்னும் இரண்டு வசதிகள் பயன்பட்டன. பத்து விநாடி பாடிக் காட்டினால் கெயினைத் தானே பொருத்திக்கொள்வது ஒன்று; பதிவின் நடுவே குரல் எல்லை மீறப் போனால் கெயினைத் தானே குறைத்துக் காப்பது மற்றொன்று. விருத்தத்தைத் தணிந்த குரலில் இழுத்துவிட்டு, திடீரென்று சவால் விடும் தொனிக்குத் தாவுகிற கூத்துப்பாட்டுக்கு இரண்டாவது வசதி உண்மையான காவல். கணினியில் ஓடும் தம்பூரா ஒலியையும் குரலையும் சேர்த்து இணைய வகுப்புக்கு அனுப்ப உதவும் லூப்பேக்கும் அதில் இருக்கிறது. யுஎம்சி202எச்டியில் அது கிடையாது. மறுபக்கம், யுஎம்சி202எச்டியின் உடல் உலோகத்தால் ஆனது. விலை கணிசமாகக் குறைவு. மிச்சமாகும் தொகையை இரண்டாவது மைக்குக்குப் போடலாம். உரத்த குரலுள்ள பாடகரைப் பதிகிறவர் யுஎம்சி202எச்டியை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை மைக்கில் போடட்டும். மெல்லிய குரலை டைனமிக் மைக்கில் பதிகிறவர் சிறிது காத்திருந்தாவது நான்காம் தலைமுறை 2ஐ2-வை வாங்கட்டும் என்பதே என் முடிவு. நான் வாங்கியது யுஎம்சி202எச்டி.

குரலையும் ஆர்மோனியத்தையும் தனித்தனியே, இரண்டு தடமாகப் பதிந்ததன் பலன் முதல் நாளே தெரிந்தது. பதிந்ததைக் கேட்ட மாமா, “பொட்டி சத்தம் தூக்கலா இருக்கு மாப்ள, இன்னொரு வாட்டி பாடட்டுமா?” என்றார். மீண்டும் பாட வேண்டியிருக்கவில்லை. ஆர்மோனியத் தடத்தை மட்டும் நான்கு டெசிபல் இறக்கினேன். குரல் முன்னால் வந்து நின்றது. இரண்டு மைக்குகளிலும் மற்றதன் சத்தம் ஓரளவு கலக்கத்தான் செய்யும். அதைக் குறைக்க, குரல் மைக்கின் பின்புறம் ஆர்மோனியத்தைப் பார்க்கும்படி சாய்த்தும், ஆர்மோனிய மைக்கைக் கட்டைகளுக்கு ஒரு சாண் உயரத்தில், துருத்தியின் மூச்சு நேராகப் படாதபடியும் வைக்கிறேன்.

பஜனைக் குழு வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி உள்ள மிக்ஸரைப் பற்றிக் கேட்கிறார்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யு நான்கு மைக்குகளை ஏற்கும். ஆனால் கணினிக்கு அனுப்புவது இடம், வலம் என்ற இரண்டு தடங்களை மட்டுமே. நான்கும் கலந்த பிறகு மிருதங்கத்தை மட்டும் குறைக்க வழியில்லை. மிக்ஸர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒரு வழி உண்டு: குரலின் பேன் குமிழை முழுக்க இடப்பக்கமும் ஆர்மோனியத்தினுடையதை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டால் இரண்டும் தனித்தனித் தடமாகப் போய்ச் சேரும். புதிதாக வாங்குகிறவருக்கு மிக்ஸரைவிட, நான்கு மைக்கையும் நான்கு தடமாகவே தருகிற யுஎம்சி404எச்டி மேல். அது தனி அடாப்டரில் ஓடுவது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் சிறிய பெட்டிகள், கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் பதிவைத் தொடரும். ஊருக்கே போய்ப் பதிகிறவர்களுக்கு ஜூம் எச்4என் ப்ரோ போன்ற கைப்பதிவுக் கருவி இன்னொரு தேர்வு: களத்தில் பேட்டரியில் ஓடும்; வீட்டில் கணினியோடு இணைத்தால் இரண்டு மைக் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும்.

கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. நல்ல நிலையில் உள்ள ஒன்று இரண்டு தடப் பதிவுக்குத் தாங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு தடம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். 192 கிலோஹெர்ட்ஸில் அதுவே நான்கு ஜிபியைத் தாண்டும், காதுக்கு மட்டும் எந்த ஆதாயமும் இல்லை. நிறுவனத்தின் டிரைவரை முதலில் நிறுவிவிட்டுப் பெட்டியை ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருக வேண்டும். விண்டோஸின் ஒலி அமைப்பிலும் பதிவு மென்பொருளிலும் 48,000 என்ற ஒரே வேகத்தை வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மைக் பேசவில்லை என்றால், விண்டோஸின் தனியுரிமைப் பக்கத்தில் மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பாட்டின் மிக உச்சமான இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை வைத்துவிட்டால், 24 பிட் பதிவில் பிறகு ஏற்றிக்கொள்ள நிறைய இடம் இருக்கும்.

பாடுகிறவரைத் திணறடிப்பது, தன் குரல் ஹெட்ஃபோனில் திரும்பிக் கேட்பதில் விழும் தாமதம். கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவுதான் பஃபர்; அது 128 என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லி விநாடி. 512 என்றால் 10.7. உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு முறை ஆவதோடு, மாற்றிகளின் நேரமும் சேரும். பழைய கணினியில் பஃபரைக் குறைத்தால் பதிவில் வெடிப்புச் சத்தம் விழும். எனவே பஃபரை 512-இலேயே விட்டுவிட்டு, பெட்டியில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்திவிடுவேன். குரல் கணினிக்குள் சுற்றி வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் இருக்கும் மானிட்டரை அணைக்க மறந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

உறுமலுக்காக எந்தப் பெட்டியையும் மாற்ற நினைப்பதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். எங்கள் பதிவில் ஒரு வாரம் முழுக்க 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தது. கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், போகவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிய கணத்தில் அறை அப்படியே அமைதியானது. அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் இணைப்பே இல்லை என்று எலக்ட்ரீஷியன் திறந்து காட்டினார். இன்வெர்ட்டர் ஓடும்போது சதுர அலை வகையாக இருந்தால் அதுவும் ரீங்காரமாக வந்து சேரும்; அந்த நேரத்தில் பேட்டரியில் மட்டும் பதிவதே வழி.

இப்போது நாங்கள் பதிவது விடியற்காலை நாலரை மணிக்கு. பின்சுவரில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, ஜன்னல் மைக்கின் முதுகுப்பக்கம் வரும்படி பாயைப் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டால் ஆறு மணிக்குள் நான்கு தருக்கள் முடிகின்றன. தை பிறந்ததும் மாமாவின் பழைய செட்டிலிருந்து மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு மைக் போதாது என்பதால், யுஎம்சி404எச்டிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.