காலி மனையைப் பார்க்கிங்குக்கு விடப்போகிறவர்கள் கவனத்துக்கு

மதுரைப் புறநகரில் எங்களுக்கு எட்டு சென்ட் காலி மனை, ஒட்டினாற்போல ஒரு கல்யாண மண்டபம். "முகூர்த்த நாள்ல வண்டி நிறுத்தத்தாண்ணே, இடம் அப்படியே கிடக்கும்" என்று மண்டபத்துக்காரர் கேட்டார். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டோம். அது முடியும்வரை வாடகை தேதி தவறாமல் வந்தது, குறை சொல்ல முடியாது.

ஒப்பந்தம் முடிந்ததும், "ஆடி கழியட்டும்ணே, புதுசா எழுதிக்கலாம்" என்றார். ஆடி கழிந்தது, ஐப்பசியும் கழிந்தது. அதற்குள் மண்டபத்துக்கும் மனைக்கும் நடுவிலிருந்த கல்லுக்கால் வேலியைப் பிடுங்கி, மனை முழுக்க பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். மூலையில் சர்வே கல் இருந்த இடத்தில் இப்போது ஜெனரேட்டர் மேடை. பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுப் பந்திக்குக் காய் நறுக்குகிறார்கள். எச்சில் இலை குவிவதும் அங்கேதான். கேட்டால், "உங்க இடத்தைத்தானே நல்லாக்கி வச்சிருக்கேன்!" வாடகையும் நின்றுபோனது. காலிமனை வரி மட்டும் எங்கள் பெயரில் வருகிறது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 60-வது பிரிவைக் காட்டிப் பதில் வந்தது. அனுமதியை நம்பிச் செலவழித்து நிரந்தர வேலை செய்துவிட்டால், கொடுத்தவர் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாதாம். பேவர் பிளாக் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. இது வாடகை ஒப்பந்தம், வெறும் அனுமதி இல்லை, அதனால் அந்த வாதம் நிற்காது என்கிறார் எங்கள் வக்கீல். சரி, அதை ஜட்ஜ் சொல்லும்வரை வாய்தா வாய்தாவாக அலைவது யார்? போலீஸிலோ "சிவில் மேட்டர் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டமும் கட்டடங்களுக்குத்தான், வெறும் மனைக்கு உதவாது.

விடுவதென்றால், "வண்டி நிறுத்த மட்டும்; தரை, கொட்டகை, மேடை, கரன்ட் இணைப்பு எதுவும் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பத்திரப்பதிவு கட்டாயம். பதினோரு மாதம் என்றால், முடிகிற அன்றே கேட்டில் உங்கள் பூட்டு தொங்கவேண்டும். ஆடி, ஆவணி பேச்செல்லாம் அப்புறம். விடுவதற்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக் கற்கள் தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட்டபின், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் எங்கள் மனைக்கு வந்தபோது, அங்கே வேலி இருந்தது என்று காட்ட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய போட்டோதான்.