அக்கா கல்யாணம், மூன்று விசிடி

சிங்கப்பூரிலிருந்து குரோம்பேட்டை வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அம்மா அலமாரியைத் திறந்து மூன்று விசிடியை (வீடியோ சிடி) எடுத்து வந்தார். 2003-இல் நடந்த அக்கா கல்யாணம். "பந்தி வரதுக்குள்ள நின்னு போயிடுதுடா. அப்பா வர்ற இடமே பாக்க முடியல."

படம் எடுத்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. டேட்டா ரெக்கவரி என்று போர்டு போட்டிருந்த ஒரு கடைக்குப் போனேன். உறையைக்கூடப் பிரிக்காமல், "டிஸ்க்குக்கு ரெண்டாயிரம் சார். வரலைன்னாலும் செக்கிங் சார்ஜ் ஐந்நூறு" என்றார்கள். சிங்கப்பூர் என்று நான் வாயை விட்டிருக்கக் கூடாது.

மறுநாள் எழும்பூரில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஆட்டோ பிடித்தேன். (ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைப்பு.) என் லேப்டாப்பில் சிடி போட வழியில்லை. யூஎஸ்பி டிவிடி டிரைவ் 1,500 என்று ஆரம்பித்து 1,150-க்குப் படிந்தது. கடைத் தம்பி ஒவ்வொரு சிடியாக வாங்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான். "அடிப்பக்கக் கீறலுக்குப் பயப்படாதீங்க சார். வெளிச்சம் ஊசி ஓட்டை மாதிரி தெரிஞ்சா அந்த இடம் போச்சு." முதல் சிடியின் ஓரத்தில் இரண்டு ஓட்டை. யாரோ ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்திருக்கிறார்கள்.

அவன் சொன்னது சரி. சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட எல்லாமே பிளாஸ்டிக். பதிவு இருக்கும் வெள்ளிப் படலம் மேலே, லேபிளுக்கு அடியில், மெல்லிய வார்னிஷ் பூச்சை நம்பி இருக்கிறது. கீழே விழும் கீறல் மூக்குக் கண்ணாடிக் கீறல் மாதிரி, தேய்த்துச் சரிசெய்யலாம். மேலே பெயர்ந்தால் பதிவே பெயர்ந்து வந்துவிடும். டிவிடியில் படலம் நடுவில் இருப்பதால் லேபிள் பக்கம் அவ்வளவு ஆபத்தில்லை.

வீட்டில் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, தண்ணீர், பழைய வேட்டித் துணி. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் தேய்க்கக் கூடாது. பதிவு சுழல் பாதையில் ஓடுகிறது. அதே வாக்கில் கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக ஒரு நீளம் போய்விடும். குறுக்குக் கீறல் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாகத்தான் போகும், அதைச் சிடியில் கூடவே பதிந்திருக்கும் பிழை திருத்தும் குறியீடு ஈடுகட்டிவிடும். இரண்டாவது சிடிக்கு இந்தக் குளியலே போதுமானதாக இருந்தது.

மூன்றாவதுதான் பந்தி. விண்டோஸில் காப்பி போட்டால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளைப் போட்டேன். அது படிக்க முடியாத செக்டாரை (பதிவின் ஒரு சின்னத் துண்டு) தாண்டி மேலே போகும். விசிடியில் இன்னொரு சங்கடம்: படத்துக்கு இடம் வேண்டுமென்று ஒரு செக்டாரில் 2,048-க்குப் பதில் 2,324 பைட் திணித்திருப்பார்கள், அதற்காகக் கூடுதல் பிழை திருத்தத்தைக் கழற்றிவிட்டிருப்பார்கள். ஆனால் வீடியோ என்பதால் இரண்டு செக்டார் போனாலும் திரையில் சில கட்டங்கள் சிதறும், அவ்வளவுதான். போட்டோ, ஃபைல் இருக்கிற சிடி என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது. எங்கே நின்றது என்று குறித்து வைத்துக்கொண்டு வேறு டிரைவில் தொடரும்.

அறுபது சதவீதத்தில் புது டிரைவ் கரகரவென்று முனக ஆரம்பித்தது. வெள்ளை டூத்பேஸ்ட்டால் ஐந்து நிமிடம் தேய்த்தேன், கொஞ்சம் முன்னேறியது. அதுவும் நுண்ணிய கீறல் போடும் என்பதால் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மீதியை முடித்தது எதிர்வீட்டு மாமாவின் தூசி படிந்த டெஸ்க்டாப். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும், லென்ஸ் அப்படி.

அப்பா ரச வாளியோடு வந்தார். பச்சைக் கட்டமாய்ச் சிதறி, திரும்ப ஒன்றுசேர்ந்து, யாருக்கோ இரண்டாவது கரண்டி ஊற்றினார். அம்மா மூன்று தடவை பின்னால் ஓட்டச் சொன்னார்.

முதல் சிடியில் மாப்பிள்ளை அழைப்பின் கடைசி ஐந்து நிமிடம் வரவேயில்லை. போனில் சொன்னபோது அக்கா சிரித்தாள். "அது உங்க அத்தான் வீட்டு டான்ஸுடா. போனா போகட்டும்."