டிராக்டர் ஆயில் வாங்குவோர் கவனத்திற்கு: எங்களுக்குப் போனது ரூ. 31,600

பழைய மாஸ்ஸி பெர்குசன் 1035 டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் இதைப் படித்துவிட்டுப் பிறகு ஆயில் வாங்குங்கள். விவசாயப் பொருள்களை விற்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஆயில் வாங்கியதில் எங்கள் குடும்பத்துக்கு ரூ. 31,600 போய்விட்டது. ஆயிலுக்கு ரூ. 8,600, அது கெடுத்த பம்பைப் பழுதுபார்த்து மறுபடியும் நல்ல ஆயில் ஊற்ற ரூ. 23,000. குறுவைக்குச் சேறடிக்க வேண்டிய நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றதால் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த வண்டியின் உள்ளமைப்பு தெரிந்தால்தான் செய்யப்பட்ட மோசடி புரியும். பொறியாளர் ஹாரி பெர்குசன் வகுத்த முறையில் வந்த இத்தகைய டிராக்டர்களில் கியர் பெட்டி, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிப்ட் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஹைட்ராலிக் பம்பு அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருந்து வேலை செய்கிறது. ஆகவே கியர் பற்களின் பாரத்தைத் தாங்கும் வலுவும், பம்பு தடையின்றி உறிஞ்சும் இளக்கமும் அந்த ஒரே ஆயிலுக்கு வேண்டும். மிகவும் கெட்டியானதை ஊற்றினால் பம்பு உறிஞ்ச முடியாமல் இரையும். அதிகப் பாரம் தாங்குவதற்கான ஜிஎல்-5 வகைக் கியர் ஆயிலில் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள், தண்டுகள் சுழலும் வெண்கல உறைகளான புஷ்களை அரிக்கக்கூடும். அதனால்தான் யுடிடிஓ எனப்படும், டிரான்ஸ்மிஷனுக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவான டிராக்டர் ஆயிலைத் தேடினோம்.

செயலியில் விசாரித்த அன்றே "தொழில்நுட்ப ஆலோசகர்" என்று ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எந்த மாடல், எந்த ஆண்டு வண்டி, பிரேக் உலர்ந்த வகையா ஆயிலில் மூழ்கிய வகையா என்று பொறுமையாகக் கேட்டார். "சார், உங்கள் வண்டியில் கியருக்கும் லிப்டுக்கும் தனித்தனி ஆயில் கிடையாது, இரண்டுக்கும் ஒன்றுதான், கடைக்காரர்கள் இது தெரியாமல் வெறும் 90 நம்பர் கியர் ஆயிலைக் கொடுத்துவிடுவார்கள்" என்றும் எச்சரித்தார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரியானது. பக்கத்து ஊர்க் கடைகளில் எவரும் சொல்லாத உண்மையைச் சொன்னவர் என்பதாலேயே முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்தினோம். பொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒருவர், அந்த அறிவையே தூண்டிலாக வைத்துப் பொய்ச் சரக்கை அனுப்புவார் என்று யார்தான் நினைப்பார்கள்?

இரண்டு பக்கெட்டுகளும் சீல் உடையாமல், பளபளப்பான லேபிளுடன் வந்தன. ஊற்றி உழவுக்கு இறங்கியதும் பம்பிலிருந்து இரைச்சல் எழுந்தது. தூக்கி நிறுத்திய கலப்பை தானாகவே கீழே இறங்கியது. மெக்கானிக் அண்ணன் அடைப்பைத் திறந்து வடித்தபோது நுரை கட்டிய பால் நிறத்தில் ஆயில் வந்தது. வண்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாமோ என்று பார்த்தால், ஊற்றியதுபோக பக்கெட்டில் மிச்சம் இருந்த ஆயிலின் அடியிலும் அதே கலங்கலும் கருகிய நாற்றமும் இருந்தன. பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டிச் சாயம் சேர்த்து அடைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு. லிப்ட் மூடியைக் கழற்றி, எஞ்சின் விசையைப் பின்கருவிகளுக்குக் கொடுக்கும் பிடிஓ தண்டை உருவி, பம்பை வெளியே எடுத்துப் பார்த்தபோது உள்பாகங்கள் கீறிப்போயிருந்தன.

புகார் செய்தவுடன் சாக்குகள் தொடங்கின. சீல் திறந்த பொருளைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். திறக்காமல் எப்படி ஊற்றுவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, பழைய வண்டியில் தேய்மானம் இயல்பு என்றார்கள். அதன்பின், விற்றவர் வேறு நிறுவனம், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்றார்கள். பக்கெட்டில் மிச்சம் இருக்கும் ஆயிலையாவது சோதித்துப் பாருங்கள் என்று படங்களோடு எழுதியதற்கு, "உங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தார்கள்? ரூ. 31,600-இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அன்பாகப் பேசிய அந்த ஆலோசகரின் எண் இப்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

எந்த வண்டிக்கு எந்த ஆயில் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இப்போது இவ்வளவுதான் முடிகிறது. வண்டியின் கையேட்டில் உள்ள தரக்குறியீடு பக்கெட்டில் அப்படியே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். "எல்லா டிராக்டருக்கும் ஏற்றது" என்ற வாசகம் தரக்குறியீடு ஆகாது. பேட்ச் எண்ணும் ஜிஎஸ்டி பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். ஊற்றுவதற்கு முன் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பக்கெட்டைத் திறப்பதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். இணைய விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். செய்யாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். நாங்கள் அழைத்துப் பதிவு செய்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறோம்.