திருவட்டாறிலிருந்து சைக்கிளில்: மாத்தூரா, திற்பரப்பா?

குமரி மாவட்டத்துத் திருவட்டாறில் ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெயிலுக்கு முன்னே சைக்கிள் மிதிக்க இரண்டு வழிகள் உண்டு: ஒன்று மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு, மற்றது திற்பரப்பு அருவிக்கு.

மாத்தூர் வழி தூரம் குறைவு. ஊரைத் தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள். மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும், வீட்டு முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் துணி போலத் தொங்கும். அந்தப் புளித்த வாடைக்கு மூக்கு பழக ஒரு கிலோமீட்டர் ஆகும். ஏற்ற இறக்கம் அதிகம், கியர் இல்லாத வண்டி என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். தொட்டிப்பாலம் 1966இல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல் பாசனத் தண்ணீர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குப் போகிறது. வண்டியைப் பூட்டிவிட்டு மேலே நடந்து பாருங்கள். கீழே தென்னை மண்டைகள் கீரைப்பாத்தி மாதிரி தெரியும்.

திற்பரப்பு வழி குலசேகரம் சந்தியைக் கடக்கிறது. அங்கே பஸ், லாரி, ஹாரன். அப்புறம் கோதையாற்று அருவியில் குளியல் கிடைக்கும், சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேன்களுக்கு ஒதுங்கியே பாதி நேரம் போய்விடும்.

குளிக்க ஆசை என்றால் திற்பரப்பு, அதுவும் வார நாளில். மிதிக்க ஆசை என்றால் எனக்கு மாத்தூர்தான்.